மூங்கில் கம்பத்தில் ஓடிய நெட்வொர்க்: ஓஷாக்னெசியின் கதை

போன இதழ்ல ஒரு கணித மேதையைப் பார்த்தோம். இந்த இதழ்ல நாம பார்க்கப் போறவர் ஒரு டாக்டர். டாக்டருக்கும் நம்ம மாதிரி நெட்வொர்க் ஆளுங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இந்தியாவில் முதன்முதலா ஒரு நெட்வொர்க் போட்டது இவர்தான். போடறதுக்கு முன்னாடி அதை எப்படி டெஸ்ட் பண்ணணும்னு வழி கண்டுபிடிச்சவரும் இவர்தான்.

அவர் கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி, நான் ஏன் அவரைத் தேடிப் போனேன்னு சொல்லிடறேன்.

மேஜை மேல ஓடுச்சு, வீட்டுல ஓடலை

எங்க ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவுல இருக்கு. சுத்தி எங்க பார்த்தாலும் வயல், வாய்க்கால். ஆனா ஊருக்குள்ள வந்தா பெரிய பெரிய வீடுகள். தலைமுறை தலைமுறையா மலேயா, சிங்கப்பூர்னு கடல் கடந்து போனவங்க கட்டினது. அதனால ஊருக்கு சின்ன சிங்கப்பூர்னே ஒரு பேர் உண்டு. எங்க தெருப் பெரியவங்க கிட்ட தந்தின்னு சொன்னாலே இன்னமும் முகம் மாறும். அந்தக் காலத்துல வாசல்ல தந்தி வந்து நின்னா, அக்கரையில யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னுதான் அர்த்தமாம்.

நானும் என் நண்பர்கள் ரெண்டு பேரும் மினி புராஜெக்டுக்கு ஒரு சின்ன போர்டு எடுத்து, அதுல இருக்கிற ஈதர்நெட் சிப்புக்கு டிரைவர் எழுதினோம். லேப்ல ஒரு வாரம் இடைவிடாம ஓடுச்சு. ஒரு பாக்கெட் கூட விழலை. சந்தோஷமா போர்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அன்னைக்கு சாயங்காலம் கரண்ட் போச்சு, பத்து நிமிஷத்துல வந்துச்சு. போர்டு எழுந்துச்சு, விளக்கு எரிஞ்சுது, ஆனா நெட்வொர்க் மட்டும் வரலை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். கரண்ட் போய் வந்தாலே இதே கதைதான்.

காரணம் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. எங்க டிரைவர், போர்டு எழும்போது ஒரே ஒரு தடவை மட்டும் மறுமுனையில யாராவது இருக்காங்களான்னு பார்க்கும். லேப்ல ஸ்விட்சை யாருமே அணைக்க மாட்டாங்க, அதனால எப்பவும் ஆள் இருக்கும். வீட்டுல கரண்ட் போனா போர்டும் ஸ்விட்சும் சேர்ந்தே அணையும். திரும்பி வரும்போது போர்டு சீக்கிரம் எழுந்துடும், ஸ்விட்ச் எழ நேரமாகும். டிரைவர் பார்க்கிற நேரத்துல மறுமுனையில ஆள் இல்லை. அப்புறம் அது பார்க்கிறதே இல்லை.

புரோகிராம்ல இருந்தது சின்னத் தப்புதான். பெரிய தப்பு எங்க டெஸ்டுல இருந்துச்சு. போர்டு எங்க வேலை செய்யப் போகுதோ அந்த இடத்து நிலைமைய நாங்க லேபுக்குக் கொண்டு வரவே இல்லை. இதைப் பத்தித் தேடிப் படிக்கும்போதுதான் வில்லியம் புரூக் ஓஷாக்னெசிங்கற பேர் கண்ணுல பட்டது.

அளந்து பார்க்கிற டாக்டர்

ஓஷாக்னெசி 1809ல் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1829ல் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுதான்.

1831ன் கடைசியில் இங்கிலாந்தில் காலரா பரவியது. அந்தக் காலத்தில் காலராவுக்கு வைத்தியம் என்றால் நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றுவது. ஏற்கெனவே நீர் வற்றிப் போனவனிடமிருந்து இருப்பதையும் எடுத்துவிடுவார்கள். 22 வயது ஓஷாக்னெசி வேறு ஒன்று செய்தார். நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து ரசாயன முறையில் அளந்து பார்த்தார். ரத்தத்தில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. அப்படியென்றால் குறைந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று லான்செட் இதழில் எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் 1832ல் நோயாளிகளின் ரத்தக் குழாயில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார். சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலின் தொடக்கம் இதுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பழுதான ஒரு அமைப்பு முன்னால் இருக்கிறது. எல்லாரும் பழக்கத்தில் ஏதோ செய்கிறார்கள். இவர் முதலில் அளக்கிறார். இந்தக் குணம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

இத்தனை செய்தும் லண்டனில் மருத்துவம் பார்க்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. 1833ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்து கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். 1835ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அங்கே ரசாயனப் பேராசிரியரானார். கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்ததும் இந்தச் சமயத்தில்தான். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஒரு படி உறுதியான பிறகு அடுத்த படி. நம்ம பாஷையில் சொன்னா, யூனிட் டெஸ்ட் பாஸ் ஆகாம இன்டக்ரேஷனுக்குப் போகாத ஆள்.

தோட்டத்துக்குள் 21 மைல்

1837ல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் மின்தந்திக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்காவில் மோர்ஸ் தன் கருவியோடு போராடிக்கொண்டிருந்தார். செய்தி கல்கத்தாவுக்குக் கப்பலில் மெதுவாகத்தான் வந்து சேரும். ஓஷாக்னெசிக்கு ஒரே கேள்விதான். மேஜை மேல் ஒரு கம்பியில் மின்சாரம் போகிறது, சரி. பல மைல் தூரம் போகுமா? அதுவும் வங்காளத்து வெயிலிலும் ஈரத்திலும் போகுமா?

இதைத் தெரிந்துகொள்ள ஊர் விட்டு ஊர் கம்பி இழுக்க அவரிடம் பணம் இல்லை, அனுமதியும் இல்லை. அதனால் 1839ல் ஒரு வேலை செய்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த தாவரவியல் தோட்டத்தில் மூங்கில்களை நட்டு, இரும்புக் கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து திரும்ப இங்கேயும் வரிசை வரிசையாகப் போட்டார். இடம் ஒரு தோட்டம்தான். ஆனால் கம்பியின் மொத்த நீளம் 21 மைல். உலகத்தில் அன்றைக்கு அவ்வளவு நீளமான தந்திக் கம்பி அபூர்வம். அதே 1839ல் லண்டனில் ரயில் பாதையோரம் வேலை செய்யத் தொடங்கிய தந்தித் தடத்தின் நீளம் சுமார் 13 மைல்.

நமக்குப் புரியற மாதிரி சொன்னா, இது ஒரு டெஸ்ட் பெஞ்ச். இன்னைக்கும் நீளமான ஃபைபர் லைனைச் சோதிக்கிற லேப்ல பல கிலோமீட்டர் ஃபைபரைச் சுருளாச் சுத்தி ஒரு பெட்டிக்குள்ள வெச்சிருப்பாங்க. ரெண்டு முனையும் ஒரே மேஜைக்கு வந்துடும். தூரத்தை லேபுக்குக் கொண்டு வர்ற அந்த வித்தையத்தான் ஓஷாக்னெசி மூங்கில் கொம்பால செஞ்சார்.

நெட்வொர்க் வழியில் ஆறு வந்தால் என்ன செய்வது? அதையும் சோதனைக்குள் கொண்டு வந்தார். ஆற்றுக்கு அடியில் போக வேண்டிய கம்பியைப் பிளந்த பிரம்புக்குள் வைத்து, மேலே தார் பூசிய நூலைச் சுற்றினார். ஆற்று நீரையே மின்சுற்றின் ஒரு பகுதியாகப் பயன்படுத்த முடியுமா என்றும் பார்த்தார். முடிந்தது.

செய்தியைப் படிக்க அவர் கையாண்ட முறைகளில் ஒன்று நம்மைச் சிரிக்க வைக்கும். கம்பியின் முனையை விரலால் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மின்சாரம் வந்தால் சுள்ளென்று அடிக்கும். இரண்டு முனையிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரங்கள் இருக்கும். எந்த நொடியில் அடி விழுந்ததோ, அதை வைத்து எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க வேண்டும். அனுப்புகிறவனும் பெறுகிறவனும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதை நாம் நெட்வொர்க்கிங் பாடத்தில் ஒரு யூனிட்டாகவே படிக்கிறோம். அங்கே அதன் விலை விரல் நுனியில் ஷாக்.

முடிவுகளை வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் 1839லேயே வெளியிட்டார். தூரம் பிரச்சினை இல்லை, ஆறு பிரச்சினை இல்லை, இந்த நாட்டில் தந்தி முடியும் என்று காட்டியாயிற்று.

பத்து வருஷ மௌனம்

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி அரசு அக்கறை காட்டவில்லை. 1841ல் விடுப்பில் இங்கிலாந்து போனார். 1843ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை கல்கத்தா நாணயச் சாலையில். வெள்ளியும் தங்கமும் சுத்தமா, கலப்படமா என்று சோதித்துச் சொல்வது. உரைகல் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தந்தி ஆசையோடு இருந்த ஒரு மனிதர் வருஷக்கணக்காக நாணயத்தை உரசிக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் பாஸ் ஆனா போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்லை. 21 மைல் கம்பி பாஸ் ஆகி பத்து வருஷத்துக்கு மேல அது வெறும் கட்டுரையாகத்தான் கிடந்தது.

காற்று திரும்பியது டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு. பெரிய நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் கம்பெனிக்குச் செய்தி வேகமாக வேண்டியிருந்தது. கல்கத்தாவிலிருந்து கடல் முகம் நோக்கி ஒரு சோதனைத் தடம் போட ஓஷாக்னெசிக்கு அனுமதி கிடைத்தது. 1851ல் வேலை தொடங்கியது.

இங்கிலாந்து மாதிரி இங்கே வேண்டாம்

இந்த முறை தோட்டம் இல்லை, நிஜ நிலம். கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர், அங்கிருந்து கெஜ்ரி வரை கிளைகளோடு சேர்த்து ஏறத்தாழ 80 மைல். நம்ம காவிரிப் படுகை மாதிரியே அதுவும் ஆறுகள் கடலில் கலக்கும் சேற்று நிலம். நெல் வயல், வாய்க்கால், மழை, புயல் எல்லாம் உண்டு.

இங்கிலாந்தில் மெல்லிய கம்பியைப் பீங்கான் பிடியில் தொங்கவிடுவார்கள். ஓஷாக்னெசி அதை அப்படியே காப்பி அடிக்கவில்லை. அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு கனமுள்ள இரும்புத் தண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து மூங்கில் கம்பங்களின் மேல் ஏற்றினார். ஏன் அவ்வளவு கனம்? புயல் காற்று அடிக்கும். பெரிய பறவைகள் கூட்டமாக உட்காரும். குரங்குகள் தொங்கி விளையாடும். மெல்லிய கம்பி அறுந்துவிடும், இந்தத் தண்டு தாங்கும். இரும்பு செம்பை விட மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும் என்றாலும், கனம் கூடியதால் அந்தக் குறை சரியாகிவிட்டது. விலையும் குறைவு.

தரைக்கு அடியில் போன பகுதிக்கு அவர் செய்த ஏற்பாடு இன்னும் சுவையானது. இரும்புத் தண்டின் மேல் மதராஸ் துணியை இரண்டு சுற்று சுற்றி, உருக்கிய கீலிலும் தாரிலும் ஊறவைத்தார். கூரைக்குப் போடும் ஓடுகளை வரிசையாக அடுக்கி, அதற்குள் தண்டைக் கிடத்தி, மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு பிசினும் சேர்த்து உருக்கி ஊற்றினார். துணி, ஓடு, மணல், பிசின் எல்லாமே பக்கத்துச் சந்தையில் கிடைப்பவை. இந்தியாவின் முதல் அண்டர்கிரவுண்ட் கேபிளுக்கு மேலுறை நம்ம பக்கத்துத் துணி!

ஹூக்ளி ஆற்றைக் கடக்கும்போது புதுப் பிரச்சினை வந்தது. கப்பல்கள் நங்கூரம் போடும் இடம் அது. நங்கூரம் மாட்டினால் கேபிள் போச்சு. அதனால் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை போட்ட கம்பியை ஒரு கனத்த கப்பல் சங்கிலியோடு சேர்த்துக் கட்டி ஆற்றில் இறக்கினார். அடி விழுந்தால் சங்கிலியின் மேல் விழும்.

முனையில் இருந்த கருவி? இங்கிலாந்தின் ஊசிக் கருவிகள் வங்காளத்து மின்னலில் படுத்துக்கொண்டன. ஊசியின் காந்தமே கெட்டுவிடும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் பக்கத்தில் இல்லை. அதனால் கல்கத்தாவிலேயே செய்யக்கூடிய ஒரு சின்னக் கருவியை வடிவமைத்தார். ஒரு கம்பிச் சுருள், நடுவில் படுக்கைவசமாக ஆடும் ஒரு ஊசி. இடப்பக்கம் திரும்பினால் ஒன்று, வலப்பக்கம் திரும்பினால் இன்னொன்று. கெட்டுப்போனால் உள்ளூர்க் கைவினைஞரே சரிசெய்துவிடலாம்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தோணினது ஒண்ணுதான். அந்தத் தடத்துல ஒவ்வொரு பாகமும் ஒரு தோல்விக்குப் பதில். குரங்குக்கு ஒரு பதில், நங்கூரத்துக்கு ஒரு பதில், மின்னலுக்கு ஒரு பதில். எது எதெல்லாம் உடைக்கும்னு முதல்ல பட்டியல் போட்டாதான் இப்படிக் கட்ட முடியும்.

மறுமுனையில் இருந்தவர்

ஒரு நெட்வொர்க்கை ஒரு முனையிலிருந்து மட்டும் சோதிக்க முடியாது. மறுமுனையில் நம்பகமான ஒருத்தர் வேண்டும். ஓஷாக்னெசிக்கு அப்படிக் கிடைத்தவர் சிப்சந்திர நந்தி. நாணயச் சாலையில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த வங்காளி. பொறியியல் கல்லூரி எதிலும் படித்தவர் இல்லை. வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்.

டயமண்ட் ஹார்பர் தடம் தயாரானதும் அந்த முனையிலிருந்து முதல் சமிக்ஞையை அனுப்பியவர் நந்தி. கல்கத்தா முனையில் டல்ஹௌசியின் முன்னிலையில் அதைப் பெற்றுக்கொண்டவர் ஓஷாக்னெசி. பிறகு நந்தியே அந்தத் தடத்துக்குப் பொறுப்பாளரானார். பின்னாளில் டாக்கா பக்கம் தடம் போகும்போது பத்மா நதியைக் கடக்க வேண்டியிருந்தது. நீராவிக் கப்பலை வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. நந்தி மீன்பிடி படகுகளை வைத்தே ஆற்றில் கேபிளை இறக்கி முடித்தார். கம்பங்களுக்குப் பனை மரங்களைப் பயன்படுத்தினார். 1883ல் அவருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. ஓஷாக்னெசிக்குக் கல்கத்தாவுக்கு வெளியே இருந்த கண்ணும் கையும் நந்திதான் என்று சொன்னால் மிகையில்லை.

4,000 மைல்

1852ல் இரண்டாம் பர்மா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரங்கூன் பிடிபட்ட செய்தியோடு வந்த கப்பல் ஆற்று முகத்தை எட்டியதுமே செய்தி கம்பியில் ஏறி டல்ஹௌசிக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பல் கல்கத்தாவுக்கு வந்து சேரும் முன்பே செய்தி வந்துவிட்டது. 1839ன் ஆய்வுக் கட்டுரையால் முடியாததை அந்த ஒரு செய்தி செய்தது. டல்ஹௌசி உடனே நாடு முழுவதும் தந்தி வேண்டும் என்று லண்டனுக்கு எழுதி, ஓஷாக்னெசியையும் அனுப்பி வைத்தார். ஒப்புதல் அதிகத் தாமதமில்லாமல் கிடைத்தது. 1853ல் தந்தி ஊழியர்களுக்கான கையேடு ஒன்றை லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். தான் இல்லாத இடத்திலும் வேலை தன் முறைப்படி நடக்க வேண்டுமே!

1853 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில் 800 மைல் தள்ளி இருந்த ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி வந்தது. ஐந்தே மாதம். அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாக மதராஸ். 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டார்கள். அடுத்த ஒரு வருஷத்துக்குள் மொத்தத் தடம் சுமார் 4,000 மைலை எட்டியது. 1856ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

இந்த நெட்வொர்க் யாருக்காகப் போடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1857 மே 11 அன்று டெல்லி தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவுக்குப் போன எச்சரிக்கை, ஆங்கிலேயர் சுதாரித்துக்கொள்ள உதவியது. புரட்சிக்காரர்களுக்கும் அந்தக் கம்பியின் அருமை தெரிந்திருந்தது. நூற்றுக்கணக்கான மைல் தடத்தை வெட்டிப் போட்டார்கள். குரங்குக்கும் புயலுக்கும் பதில் வைத்திருந்த நெட்வொர்க்கிடம் ஒரு மக்கள் கோபத்துக்குப் பதில் இல்லை. ஓஷாக்னெசி ஒரு நல்ல எஞ்சினியர். அவர் உழைத்தது ஒரு சாம்ராஜ்யத்துக்கு. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வோம்.

அவர் தேர்ந்தெடுத்த எல்லாமே நிலைக்கவும் இல்லை. மூங்கிலும் காப்பு இல்லாத தண்டும் சோதனைத் தடத்துக்குப் போதுமானவை. ஆயிரக்கணக்கான மைலுக்கு உறுதியான கம்பங்களும் நல்ல காப்பும் தேவைப்பட்டன. ஆசையாக வடிவமைத்த ஊசிக் கருவியின் இடத்தை மோர்ஸ் கருவி பிடித்துக்கொண்டது. அந்த மாற்றத்தை அவர் தடுக்கவில்லை, அவர் பொறுப்பில் இருந்த காலத்திலேயே அது நடந்தது. தன் கண்டுபிடிப்பு என்பதற்காகப் பிடித்துத் தொங்காத அந்த மனசும் ஒரு டெஸ்டருக்கு வேண்டிய குணம்.

1860 வாக்கில் இந்தியாவை விட்டுப் போனார். 1861ல் புரூக் என்ற பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். 1889 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்சீயில் காலமானார். அவர் காலராவில் தொட்டுக்காட்டிய உண்மை அவருக்குப் பிறகும் வேலை செய்தது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர பங்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். குறைந்ததைத் திருப்பிக் கொடு என்ற அதே கணக்குதான். அவர் தொடங்கி வைத்த தந்தியோ 2013 ஜூலையில்தான் நாட்டில் நின்றது.

எங்க தோட்டம்

சரி, எங்க டிரைவர் என்ன ஆச்சு?

தப்பைத் திருத்த நாலு வரிதான் தேவைப்பட்டுச்சு. ஒரு தடவை பார்த்துட்டு விடாம, இணைப்பு வந்துச்சா போச்சான்னு தொடர்ந்து கவனிக்கணும். ஆனா திருத்தினது போதும்னு நிறுத்தலை. இந்த முறை வீட்டு நிலைமையையே லேப் மேஜைக்குக் கொண்டு வந்தோம். நீங்களும் செய்யலாம், பெரிய செலவு இல்லை.

ஒரு பழைய கம்ப்யூட்டர், ரெண்டு ரிலே. ஒரு ரிலே போர்டோட பவரை அணைக்கும், இன்னொண்ணு ஸ்விட்சோட பவரை. 230 வோல்ட் பக்கம் போகாதீங்க, அடாப்டருக்கு அப்புறம் வர்ற குறைந்த வோல்டேஜ் லைன்லயே ரிலேயை வையுங்க. போர்டோட சீரியல் போர்ட்ல இருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு. நெட்வொர்க் செத்தாலும் போர்டு என்ன சொல்லுதுன்னு அது வழியா தெரியும். டெஸ்ட் பண்ற நெட்வொர்க் வழியாவே டெஸ்ட் ரிசல்ட்டை வாங்கக் கூடாது, இது முக்கியம்.

அப்புறம் ஒரு ஸ்கிரிப்ட். முதல்ல போர்டை மட்டும் அணைச்சு எழுப்பும். அடுத்து ஸ்விட்சை மட்டும். அடுத்து ரெண்டையும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் இடைவெளி நேரத்தை மாத்தும். எழுந்ததும் பிங் வருதான்னு பார்க்கும், ஐபெர்ஃப் ஓட்டி வேகம் குறைஞ்சிருக்கான்னு பார்க்கும், எல்லாத்தையும் நேரத்தோட லாக்ல எழுதும். யாராவது கோடை மாத்தினா அன்னைக்கு ராத்திரியே இது முழுசும் தானா ஓடும். நாங்க தூங்கும்போது அது நூறு தடவை கரண்ட் கட் பண்ணிட்டு இருக்கும்.

முதல் ராத்திரி வேணும்னே திருத்தாத பழைய டிரைவரை ஓடவிட்டோம். தப்புன்னு தெரிஞ்சதை டெஸ்ட் பிடிக்கலைன்னா அந்த டெஸ்டையே நம்ப முடியாதே! காலையில லாக்கைத் திறந்தா வரிசையா ஃபெயில். அவ்வளவு ஃபெயிலைப் பார்த்து நாங்க சந்தோஷப்பட்டது அன்னைக்கு ஒரு நாள்தான். அடுத்த ராத்திரி புது டிரைவர். ஸ்விட்ச் தப்பு வரவே இல்லை, ஆனா நாங்க நினைச்சே பார்க்காத இன்னொண்ணு மாட்டுச்சு. பவர் ரொம்பக் கொஞ்ச நேரம் மட்டும் போய் வந்தா, சிப் முழுசா அணையாம பாதி நிலையில நின்னுடுது. டிரைவர் தொடங்கும்போது சிப்பை முழுசா ரீசெட் பண்ணணும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கையால டெஸ்ட் பண்ணியிருந்தா அது எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவ்வளவு வேகமா பிளக்கைப் பிடுங்கிச் சொருக யாரால முடியும்?

2018ல் கஜா புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டப்போ கம்பங்கள் சாஞ்சு, டவர்கள் செத்து, வெளிநாட்டுல இருந்தவங்களால வீட்டுக்குப் பேச முடியலை. எங்க தெருவுல எத்தனையோ பேருக்கு அக்கரையில உறவு. அந்தப் பக்கம் போனை வெச்சுக்கிட்டு தவிச்சவங்களுக்கு லேப்ல பாஸ் ஆன ரிசல்ட்டால என்ன பிரயோஜனம்? புயலுக்கு நடுவுலயும், கரண்ட் போய் வந்த பிறகும், யாரும் பக்கத்துல இல்லாதப்பவும் எழுந்து நிக்கிறதுதான் நெட்வொர்க்.

அதனால அடுத்த ரிவ்யூவுக்கு டெமோ தயார் பண்றவங்க ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க புராஜெக்டை எது எதெல்லாம் உடைக்கும்னு ஒரு தாள்ல எழுதுங்க. குரங்கு, நங்கூரம், மின்னல் மாதிரி உங்க ஊர்ல என்ன இருக்கோ அதை. அதுல முதல் வரியை இன்னைக்கு ராத்திரியே தானா ஓடுற ஒரு டெஸ்டா மாத்துங்க. லாக் ஃபைலோட வாங்க, அடுத்த இதழ்ல சேர்ந்து பார்ப்போம்!